26 வருடம் கழித்துத் திறந்த பெட்டி: பாதி வர்ணத்தில் நிற்கும் 54 மி.மீ. சிப்பாயை என்ன செய்வது?

மீண்டும்தூரிகை

வணக்கம் நண்பர்களே. 20 வயதில் விட்ட, குட்டிச் சிப்பாய் உருவங்களுக்கு வர்ணம் தீட்டும் பழக்கம் 46 வயதில் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய அட்டைப்பெட்டி ஒன்று கீழே இறங்கியது. திறந்து பார்த்த பிறகு அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

உள்ளே 1/35 அளவில் நான்கு காலாட்படையினர் கொண்ட பிளாஸ்டிக் கிட் ஒன்று, ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) ஒரு கைகூட வெட்டப்படாமல் இருந்தது. 1/72 அளவில் மென்மையான பிளாஸ்டிக் வீரர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். எனாமல் (எண்ணெய் வகை) பெயின்ட் டப்பாக்கள் பதினொன்று. பத்து கல்லாகிவிட்டன, ஒன்றின் அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம் மிச்சம். அப்புறம், பருத்தித் துணியில் சுற்றி ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் தனியாக வைத்த 54 மி.மீ. உயர உலோகச் சிப்பாய். நான் எழுத வந்தது அவனைப் பற்றித்தான்.

1815 காலத்து பிரிட்டிஷ் காலாள். மஸ்கட்டை (அந்தக் காலத்து நீளத் துப்பாக்கி) இடுப்போடு தாங்கிக்கொண்டு, வலது கையில் இருக்கும் காகிதத் தோட்டாவை வாய்க்குக் கொண்டுபோகிறான். எனக்கு இந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்த மாமா பாதி வரைந்த உருவம் இது. முகம், கோட்டின் நீலக் கழுத்துப்பட்டி, நீல மணிக்கட்டுப் பட்டி, மார்பு, வலது கை, நெஞ்சில் குறுக்கே போகும் வெள்ளை வார்கள் வரை அவர் கை. இடது கை, முதுகு, பை, கால்சட்டை, மஸ்கட் எல்லாம் சாம்பல் அண்டர்கோட்டோடு நிற்கின்றன. மாமா இப்போது இல்லை.

மூன்று சந்தேகங்கள்.

ஒன்று, அவன் பாதங்களைச் சுற்றி மாவு போல வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது. விரலால் துடைத்தேன், மறுநாள் பார்த்தால் துடைத்த இடத்துக்குள்ளேயே இன்னும் தூள் இருந்தது. இரண்டு, பழைய பெயின்ட்டை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதா, விட்ட இடத்திலிருந்து தொடர்வதா? உதட்டோரத்தில் கறுப்பாக அழுக்கு வேறு படிந்திருக்கிறது, ஈரத்துணிக்குப் போகவில்லை. மூன்று, எனக்கு இப்போது கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது. கையில் பிடித்தால் முகமே கலங்கித் தெரிகிறது. இந்த வயதில் இது ஆகிற காரியமா?

ஈயச்சிப்பாய்

முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். அந்தத் தூள் ஈயக் கார்பனேட். நச்சு. இனி அதை வெறும் விரலால் தொடாதீர்கள், வாயால் ஊதவும் ஊதாதீர்கள்.

நாங்கள் இதை ஈய நோய் என்போம். பழைய உலோக உருவங்களில் ஈயம் நிறைய இருக்கும். மரம், அட்டை, சில பசைகள் ஆகியவற்றிலிருந்து அசிட்டிக் அமில ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வெளியாகிறது. ஓக் மரம் இதில் ரொம்ப மோசம். மூடிய பெட்டியில் அந்த ஆவியும் ஈரமும் சேர்ந்து ஈயத்தைத் தின்ன ஆரம்பிக்கும். கொடுமை என்னவென்றால், முதலில் உருவாகும் ஈய அசிட்டேட் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாக மாறும்போது அமிலம் திரும்ப விடுபடுகிறது. விடுபட்ட அமிலம் அடுத்த அடுக்கைத் தின்னப் போகும். நீங்கள் துடைத்த இடத்திலேயே திரும்ப வந்ததற்குக் காரணம் அதுதான். மாமா பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் மரப்பெட்டியில் வைத்திருப்பார், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வைத்தோம்.

செய்ய வேண்டியது இது. கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். பழைய மென்மையான பல் பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து, ஈரத்தோடேயே தூளைத் தேய்த்து எடுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டவோ உப்புத்தாள் போடவோ கூடாது. வினிகர் போட்டால் சுத்தமாகும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். வினிகரே அசிட்டிக் அமிலம்தான். நன்றாக உலர்ந்ததும் கணுக்கால் பக்கம் ஊசியால் மெல்லக் குத்திப் பாருங்கள். உலோகம் கெட்டியாக இருந்தால் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து மூடிவிடலாம். தேன்கூடு மாதிரி இருந்தால் சொல்லுங்கள், அதற்கு வழி வேறு.

மரப்பெட்டிக்குள் மட்டும் திரும்ப வைக்காதீர்கள்.

லேயர்லைன்

அண்ணா, உலோக உருவம்தானே, பெயின்ட்டை எடுப்பது சுலபம். அசிட்டோனில் ஊறப்போட்டால் எனாமல் அப்படியே உரிந்து வரும். (பிளாஸ்டிக் கிட்டுக்கு மட்டும் அசிட்டோன் வேண்டாம், பாலிஸ்டைரீன் கரைந்துவிடும்.) நான் எந்தப் பழைய உருவத்தையும் பிரைமர் வரை உரித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். 26 வருடப் பழைய எனாமல் மேல் புது அக்ரிலிக் (நீரில் இளக்கும் பெயின்ட்) போட்டால் இரண்டும் ஒட்டாத மாதிரி தெரியும்.

மாமா ஞாபகமாக அவனை அப்படியே வைத்துவிட்டு, அதே நிலையில் புது உருவம் ஒன்றை 3டி பிரின்டரில் ரெசினால் எடுத்து வரைவதும் நல்ல யோசனைதான். 0.03 மி.மீ. அடுக்கில் எடுத்தால் பட்டன் விளிம்புகூடத் தெளிவாக விழுகிறது.

நுனிமுடி

தயவுசெய்து அசிட்டோன் வேண்டாம்!

தம்பி லேயர்லைன் சொல்வது தொழில்முறையாகச் சரி. ஆனால் இங்கே முகம் முடிந்திருக்கிறது. 54 மி.மீ. உருவத்தில் பாதி உயிர் முகத்தில் இருக்கிறது, அதை வரைந்தவர் திரும்பி வரப்போவதில்லை. முதுகையும் பையையும் யார் வேண்டுமானாலும் வரையலாம்.

அக்ரிலிக் ஒட்டாது என்ற பயமும் வேண்டாம். ஈரமாக இருக்கும் எனாமல் மேல்தான் அக்ரிலிக் தகராறு பண்ணும். 26 வருடம் காய்ந்த எனாமல் பாறை மாதிரி. ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைத்து, உலர்த்திவிட்டுப் போடுங்கள். தாராளமாக நிற்கும்.

கண் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், அதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

சீருடைப்பித்து

நண்பரே, கழுத்துப்பட்டி நீலம் என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தையும் பார்த்தேன், கருநீலம். பிரிட்டிஷ் படையில் கழுத்துப்பட்டி, மணிக்கட்டுப் பட்டி நிறம் ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் மாறும். 30வது ரெஜிமென்ட்டுக்கு வெளிர்மஞ்சள், 69வதுக்குப் பச்சை, 33வதுக்குச் சிவப்பே. கருநீலம் அரச ரெஜிமென்ட்டுகளுக்கு உரியது. நெப்போலியனுக்கு எதிரான போரில், 1815 ஜூன் 16 அன்று காத்ர் பிராவிலும், 18 அன்று வாட்டர்லூவிலும் நின்ற 1வது ரெஜிமென்ட்டின் 3வது பட்டாலியனுக்கு, அதாவது ராயல் ஸ்காட்ஸுக்கு, நீலம்தான். மாமா தெரிந்துதான் போட்டிருக்கிறார். அந்த நீலத்தைக் கைவிடாதீர்கள்.

மிச்சத்துக்கு உதவியாகச் சில விவரங்கள். முதுகுப்பை கறுப்புச் சாயம் பூசிய கித்தான். தண்ணீர்க் குடுவை மரத்தால் ஆனது, வெளியே நீல வர்ணம். கால்சட்டை சாம்பல். மஸ்கட் "இந்தியா பேட்டர்ன்" எனப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்யப்பட்ட மாதிரியைப் பிரெஞ்சுப் போர்கள் தொடங்கிய பிறகு பிரிட்டிஷ் படையே எடுத்துக்கொண்டது. குழல் 39 அங்குலம், அதாவது உங்கள் அளவில் சுமார் 31 மி.மீ. வரவேண்டும். குழலைக் கறுப்பாக வரையாதீர்கள். அந்தச் சிப்பாய்கள் அதைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். தொப்பி முன்பக்கம் உயர்ந்த 1812 மாதிரி என்றால், நடுக் கம்பெனிக்காரனுக்கு (பட்டாலியனின் இரு ஓரச் சிறப்புக் கம்பெனிகளைச் சேராதவனுக்கு) இறகு மேலே வெள்ளை, கீழே சிவப்பு.

மீண்டும்தூரிகை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. உரிக்கப்போவதில்லை, முடிவு பண்ணிவிட்டேன். நீலத்தைப் பற்றிச் சொன்ன நண்பருக்குத் தனி நன்றி. பெட்டியின் அட்டைப்படத்தில் மஞ்சள் பட்டி இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம். மாமா தவறாகப் போட்டுவிட்டார் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ஈயச்சிப்பாய் ஐயா, சொன்னபடி வெந்நீரில் தேய்த்தேன். வலது பாதம் கெட்டியாக இருக்கிறது. இடது கணுக்காலில் ஊசி சுலபமாக உள்ளே இறங்கியது. பட்டாணி உடைந்த மாதிரி ஒரு துணுக்கு கழன்றும் வந்துவிட்டது.

ஈயச்சிப்பாய்

பதற வேண்டாம், அங்கே ஒரு கம்பி போட்டால் நிற்பான். 0.5 மி.மீ. துளைக்கருவியைக் கையால் சுழற்றி, குதிகாலிலிருந்து காலுக்குள் மேல்நோக்கி ஐந்தாறு மில்லிமீட்டர் துளையுங்கள். மோட்டார் துளைக்கருவி வேண்டாம், சூட்டில் இந்த உலோகம் இளகி முனையைக் கவ்விக்கொள்ளும். வரும் சுருள்களை ஈரக் காகிதத்தில் பிடியுங்கள். கெட்டியான உலோகத்தை எட்டியதும் பித்தளைக் கம்பியை இருகூட்டு எப்பாக்ஸியால் ஒட்டி, கீழே ஒரு சென்டிமீட்டர் நீட்டி விடுங்கள். இழந்த பாகத்தை எப்பாக்ஸி புட்டியில் பிசைந்து நிரப்புங்கள். நீட்டிய கம்பியே பிறகு அடித்தட்டில் அவனை நிறுத்தும்.

புட்டி கெட்டியாவதற்குள் ஈரமான ஊசியின் முதுகால் காலணியின் மடிப்புகளை இழுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு செதுக்குவது இரட்டை வேலை.

நுனிமுடி

சரி, கண். எனக்கு 53 வயது, பதினோரு வருடமாக உருப்பெருக்கி மாட்டித்தான் வரைகிறேன். முப்பது வயதில் வரைந்ததைவிட இப்போது நன்றாக வரைகிறேன் என்று துணிந்து சொல்வேன்.

தலையில் மாட்டும் உருப்பெருக்கி வாங்குங்கள். அதிகம் பெருக்குவதாகப் பார்த்து வாங்கிவிடாதீர்கள், எல்லோரும் செய்யும் தவறு அதுதான். பெருக்கம் கூடக் கூட, முகத்துக்கும் உருவத்துக்கும் நடுவே உள்ள தூரம் குறையும். 1.75 மடங்குக்கு ஏறக்குறைய 14 அங்குலம் கிடைக்கும், 2 மடங்குக்கு 10 அங்குலம், 2.5 மடங்குக்கு 8. எட்டு அங்குலத்தில் தூரிகைக் காம்பு கண்ணாடியில் இடிக்கும், கழுத்து இரண்டே நாளில் பிடித்துக்கொள்ளும். 1.75 அல்லது 2 போதும்.

அதைவிடப் பெரிய விஷயம் வெளிச்சம். ஒரே விளக்கு வைத்தால் உங்கள் கையின் நிழலே வேலையை மறைக்கும். இடது வலது என்று இரண்டு விளக்குகள், பகல் வெளிச்ச நிறத்தில், நிறத்தை உண்மையாகக் காட்டும் குறியீடு 90க்கு மேல் உள்ளதாக வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும், அதனாலேயே பாதி மங்கல் போய்விடும்.

கை நடுக்கத்துக்கு: உருவத்தை நேராகப் பிடிக்காமல், ஒரு பழைய மருந்துக் குப்பியின் மேல் புளூடாக் (களிமண் மாதிரி ஒட்டும் பசை) வைத்து நிறுத்தி, குப்பியைப் பிடியுங்கள். இரண்டு மணிக்கட்டும் மேசை விளிம்பில் பதியட்டும். தூரிகை பிடிக்கும் கையின் சுண்டுவிரல் மற்ற கையைத் தொட்டபடி இருக்கட்டும். அப்போது நடுங்கினாலும் இரண்டு கையும் சேர்ந்து நடுங்கும், முனை விலகாது.

தூரிகை. மூன்று சைபர், ஐந்து சைபர் என்று தேடாதீர்கள். அவ்வளவு சின்ன முடிக்கற்றையில் பெயின்ட் நிற்காது. உருவத்தைத் தொடுவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடும். கோலின்ஸ்கி (ஒரு சிறு விலங்கின் வால்முடி) முடியில் 1ஆம் எண் ஒன்று, நுனி ஊசி மாதிரி கூடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வயிறு பருமனாக இருப்பதால் பெயின்ட்டைப் பிடித்து வைத்திருக்கும், நுனி மட்டும் வேலை செய்யும். உலோகப் பூண் வரை பெயின்ட்டை ஏறவிட்டால் அந்தத் தூரிகை முடிந்தது. டிரை பிரஷ்ஷுக்கு (பெயின்ட்டைத் துடைத்துவிட்டு உலர்ந்த முடியால் முகடுகளில் தேய்ப்பது) இதைத் தொடவே தொடாதீர்கள், அதற்குத் தேய்ந்து போன தூரிகை இருக்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் விட்ட காலத்தில் நம்மில் பலரிடம் இல்லாதது: ஈரத்தட்டு. மூடியுள்ள தட்டையான டப்பா, அதற்குள் நனைத்த ஸ்பான்ஞ், மேலே பேக்கிங் காகிதம். அக்ரிலிக் அதன் மேல் மணிக்கணக்கில் காயாமல் இருக்கும். எனாமலில் பழகிய கைக்கு அக்ரிலிக் பட்டென்று காய்வதுதான் முதல் எரிச்சல். ஈரத்தட்டு அந்த எரிச்சலைத் தீர்த்துவிடும். பெயின்ட்டைப் பால் பதத்துக்கு இளக்கி, மூன்று நான்கு மெல்லிய அடுக்காகப் போடுங்கள். முதல் அடுக்கு திட்டுத்திட்டாக அசிங்கமாகத்தான் இருக்கும். பயந்து கெட்டியாக அடிக்கக் கூடாது.

ஓரமேசை

1/72 வீரர்களைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் ஒரு வார்த்தை. அவர்கள் பாலிஎத்திலீன். 1959இல் பிரிட்டிஷ் கம்பெனியான ஏர்ஃபிக்ஸ் இந்த அளவில் சிப்பாய்களை விற்க ஆரம்பித்த காலத்திலிருந்தே அந்தப் பிளாஸ்டிக்கின் குணம் ஒன்றுதான்: வளையும், வளைந்தால் பெயின்ட் உரியும். வழக்கமான பிளாஸ்டிக் சிமென்ட் ஒட்டாது. சோப்பு நீரில் கழுவி, நீர்த்த வெள்ளைப் பசை ஒரு கோட் அடித்து, அதன் மேல் பெயின்ட் போட்டால் நிற்கிறது. பழைய பெட்டி என்பதால் முதலில் ஒரு மஸ்கட்டை மெல்ல வளைத்துப் பாருங்கள். சிலது வருடக்கணக்கில் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும்.

லேயர்லைன்

நுனிமுடி அக்கா சொன்ன சுண்டுவிரல் விஷயத்தை நேற்று இரவே செய்து பார்த்தேன். உண்மையாகவே வித்தியாசம் தெரிகிறது.

அண்ணா, அந்த 1/35 கிட்டையும் விட்டுவிடாதீர்கள். சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, இது என்ன எண், 1/35? பிறகு தெரிந்துகொண்டேன். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா கம்பெனி, மோட்டார் வைத்த பான்தர் டாங்கி மாடல் செய்தபோது, இரண்டு பேட்டரி உள்ளே அடங்கும் அளவுக்கு அதைச் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தபோது உண்மை டாங்கியின் 35இல் ஒரு பங்கு என்று வந்தது. அடுத்த டாங்கிகளையும் அதே அளவில் செய்தார்கள், மற்ற கம்பெனிகள் பின்னாலேயே வந்தன. ஒரு பேட்டரியின் பருமன் இத்தனை சிப்பாய்களின் உயரத்தைத் தீர்மானித்துவிட்டது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஆச்சரியமாக இருக்கும்.

மீண்டும்தூரிகை

இரண்டு வாரம் ஆயிற்று. கணுக்கால் நிற்கிறது. உருப்பெருக்கி 2 மடங்கு, இரண்டு விளக்கு. கால்சட்டையும் பையும் முடிந்தன, எனக்கே நம்ப முடியவில்லை.

ஆனால் சிவப்பில் மாட்டிக்கொண்டேன். மாமாவின் சிவப்பு, செங்கல்லும் மாதுளைத் தோலும் கலந்த மாதிரி ஒரு நிறம். என்னிடம் இருக்கும் மூன்று அக்ரிலிக் சிவப்பிலும் அது வரவில்லை. ஒன்று ஆரஞ்சாகத் தெரிகிறது, ஒன்று பிளாஸ்டிக் வாளி மாதிரி. மூன்றாவதில் அடியிலுள்ள சாம்பல் எட்டிப் பார்க்கிறது. வெளிச்சம் காட்ட வெள்ளை கலந்தேன், ரோஸ் ஆகிவிட்டது. இடது கையை மூன்று தடவை வரைந்து மூன்று தடவையும் துடைத்துவிட்டேன்.

சீருடைப்பித்து

மாமாவின் சிவப்பு சரியான சிவப்பு. சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம், அது செங்கல் பக்கம் போகும், வெயிலில் இன்னும் மங்கும். அதிகாரிகளின் கோட்டுக்குத்தான் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த பளீர் சிவப்பு. கடையில் பாட்டிலில் வருவது பெரும்பாலும் அதிகாரியின் நிறம்.

ஈயச்சிப்பாய்

இதற்கு நான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். சிவப்பு என்னை முப்பது வருடம் படுத்திய நிறம்.

முதல் காரணம் அடிப்பூச்சு. எனாமல் சிவப்பு ஒரே பூச்சில் சாம்பலை மூடிவிடும். அக்ரிலிக்கில் சிவப்பு நிறமிகள் பெரும்பாலும் ஒளி ஊடுருவக்கூடியவை, கீழே இருப்பது மேலே தெரியும். அதனால் சாம்பல் மேல் நேராகச் சிவப்பு போடாதீர்கள். முதலில் செம்பழுப்பு ஒரு பூச்சு முழுக்க மூடட்டும். அதன் மேல் உங்கள் சிவப்பை நான்கு மெல்லிய அடுக்காகப் போடுங்கள். தானாகவே செங்கல் பக்கம் இறங்கி வரும்.

இரண்டாவது, பளீரை அடக்குவது. சிவப்பில் ஊசிமுனை அளவு கரும்பச்சை கலந்து பாருங்கள். கறுப்பு கலந்தால் நிறம் செத்துவிடும், பச்சை கலந்தால் அடங்கும். நிழலுக்கு அதே சிவப்பில் கரும்பழுப்பு. வெளிச்சத்துக்கு வெள்ளை வேண்டவே வேண்டாம். தோல் நிறமோ இளஆரஞ்சோ கலந்து, மடிப்பின் முகட்டில் மட்டும் கோடாக இழுங்கள்.

மூன்றாவது, இதைத்தான் யாரும் சொல்வதில்லை: நிறத்தை ஒப்பிடும் முன் பளபளப்பைச் சமமாக்குங்கள். மாமாவின் எனாமலில் கொஞ்சம் மினுமினுப்பு இருக்கும், உங்கள் அக்ரிலிக் மேட். ஒரே நிறமாக இருந்தாலும் கண்ணுக்கு வேறாகத்தான் தெரியும். ஒரு ஸ்ப்ரூ துண்டில் உங்கள் கலவையைப் போட்டு மேட் வார்னிஷ் அடியுங்கள். மாமா வரைந்த வலது கையின் உட்பக்கம், யாருக்கும் தெரியாத இடத்தில், அதே வார்னிஷைத் தூரிகையால் ஒரு தொடு தொடுங்கள். காய்ந்த பிறகு ஒரே விளக்கின் கீழ் இரண்டையும் பாருங்கள். நீங்கள் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருப்பீர்கள்.

கடைசியாக, உங்கள் படத்தைக் கூர்ந்து பார்த்தேன். மார்பின் மேல் இரண்டு வெள்ளை வார்கள் குறுக்காகப் போகின்றன. முதுகை முதுகுப்பை மூடியிருக்கிறது. பையின் வார் தோளைச் சுற்றி அக்குள் வழியாகப் பின்னால் போகிறது. மாமாவின் சிவப்பு வலது பக்கமும் மார்பும், உங்கள் சிவப்பு இடது கையும் முதுகின் ஓரங்களும். எங்கேயாவது இரண்டும் நேராகத் தொட்டுக்கொள்கின்றனவா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு இடம், வலது விலாவில் தோட்டாப்பைக்கு மேலே. மற்ற எல்லா இடத்திலும் நடுவே ஒரு வெள்ளை வார் நிற்கிறது. கண் அதைத் தாண்டி ஒப்பிடாது.

லேயர்லைன்

ஐயா, வெள்ளை வார் விஷயம்! நான் இதை யோசித்ததே இல்லை.

ஒரு சின்ன மறுப்பு மட்டும். இவ்வளவு அடுக்குகள் தேவையா? வெளிர் அடிப்பூச்சின் மேல் ஒரே கோட்டில் நிழலும் வெளிச்சமும் தரும் பெயின்ட்டுகள் 2019க்குப் பிறகு நிறைய வந்துவிட்டன. பள்ளத்தில் தேங்கி, முகட்டில் மெலிந்துவிடும்.

நுனிமுடி

தம்பி, படை படையாக நூறு பேரை வரையும்போது நானும் அதைத்தான் எடுப்பேன், 28 மி.மீ.க்கு அருமை. ஆனால் 54 மி.மீ. உருவத்தின் கையில் அகலமான வெற்றுத் துணி இருக்கிறது. அங்கே அது திட்டுத்திட்டாகத் தேங்கும். பக்கத்தில் நிற்பது ஒருவர் பொறுமையாக எனாமலைக் குழைத்து வரைந்த கை. முறை மாறினால் சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும்.

சீருடைப்பித்து

கால்சட்டை முடிந்தது என்றதால் ஒன்று. வாட்டர்லூ என்று முடிவானால் சேறு வேண்டும். முந்தின நாள் பிற்பகலிலிருந்து இரவெல்லாம் பெய்த மழை. நிலம் கொஞ்சம் இறுகட்டும் என்று காத்திருந்து, ஏறக்குறைய 11.30க்குத்தான் சண்டை தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே சேறில்லாத சிப்பாய் அன்றைக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு நாள் முன்பு காத்ர் பிரா என்றால் அடித்தட்டில் ஆள் உயர ரை (கோதுமை மாதிரி ஒரு தானியம்) பயிர் வைக்கலாம். பழைய பெயின்ட் பிரஷ்ஷின் முடியை வெட்டி நட்டால் அளவு சரியாக வரும்.

இன்னொன்று. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் வெடிமருந்தைக் குழலில் கொட்டுவார்கள். பத்து முறை சுட்டவனின் உதட்டிலும் வாயோரத்திலும் கரிமருந்து அப்பியிருக்கும். உங்கள் சிப்பாய் அந்த நொடியில்தான் நிற்கிறான். விரல் நுனியிலும் உதட்டோரத்திலும் கருஞ்சாம்பல் லேசாகத் தொட்டுவிடுங்கள்.

இந்த அளவு விவரம் தேவையா என்று சிலர் கேட்பார்கள். வில்லியம் சைபோர்ன் என்ற ராணுவ அதிகாரி 1830இல் அந்தப் போர்க்களத்தின் லா ஹே சாந்த் பண்ணையில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் நின்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டார். அதை வைத்து 70,000க்கும் மேற்பட்ட குட்டி உருவங்களோடு செய்த மாதிரி 1838இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. இன்றைக்கும் அங்கே தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு உருவமும் விரல்நகத்துக்குள் அடங்கிவிடும். நாம் ஒருவனுக்காக ஒரு மாதம் உட்காருவது ஒன்றும் அதிகமில்லை.

மீண்டும்தூரிகை

நண்பரே, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஓடிப்போய் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

முதல் பதிவில் உதட்டோரம் அழுக்கு என்று எழுதினேனே, அது அழுக்கு இல்லை. பெயின்ட். கீழுதட்டின் வலது ஓரத்தில் கருஞ்சாம்பல் ஒரு புள்ளி. அதிலிருந்து மோவாயை நோக்கி இன்னும் மெல்லியதாக விரலால் தேய்த்த மாதிரி ஒரு இழுப்பு. கட்டைவிரல் நகத்தின் விளிம்பிலும் அதே சாம்பல். மாமா கரிமருந்தை வரைந்து வைத்திருக்கிறார். நான் அதை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, எனாமல் அசையவில்லை.

அப்படியே கண்ணையும் பார்த்தேன். வெள்ளை விழியே இல்லை. மேல் இமைக்குக் கரும்பழுப்பில் ஒரு கோடு, அதன் கீழ் ஒரு புள்ளி, புள்ளியின் ஓரத்தில் வெளிர்ச் சாம்பலில் முடி அளவு ஒரு தொடல். அவ்வளவுதான். தூரத்தில் வைத்தால் அவன் குனிந்து தோட்டாவைப் பார்ப்பது தெரிகிறது.

நுனிமுடி

நல்ல கை. உண்மையான கண்ணின் திறப்பு மூன்று சென்டிமீட்டர் என்றால் 54 மி.மீ. உருவத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. தொப்பி நிழலில், குனிந்த பார்வையில், வெள்ளை எங்கே தெரியப்போகிறது? வெள்ளை வைத்தால் மிரண்டு பார்க்கிற மாதிரி ஆகிவிடும். மற்ற உருவங்களில் கண் வைக்கும்போதும் தூய வெள்ளை வேண்டாம், மங்கலான தந்த நிறம் போதும். கருவிழி மேல் இமையைத் தொட்டு நிற்கட்டும். 1/72 வீரர்களுக்குக் கண்ணே வேண்டாம், புருவத்தடியில் ஒரு நிழல் போதும்.

மீண்டும்தூரிகை

நேற்று இரவு முடிந்தது. படங்கள் கீழே.

செம்பழுப்பு, பிறகு பச்சை தொட்ட சிவப்பு ஐந்து அடுக்கு. விலாவில் இரண்டு சிவப்பும் சந்திக்கும் இடத்தைத் தேடிப் பார்த்தால் தெரியும், ஆறு மில்லிமீட்டர் நீளம். அங்கே மாமாவின் சிவப்பு கொஞ்சம் கதகதப்பாக இருக்கிறது. அதை மறைக்க முயலவில்லை. வார்களின் பின்பாதியைத் தூய வெள்ளையில் ஆரம்பிக்காமல் வெளிர்ச் சாம்பலில் தொடங்கி, விளிம்பில் மட்டும் வெள்ளை வைத்தேன். முன்பக்கம் மாமாவும் அப்படித்தான் செய்திருக்கிறார். மஸ்கட் குழல் 30 மி.மீ. வருகிறது, பளபளப்பாகவே விட்டேன். இடது காலணியில் மடிப்பு வலதைவிடத் தடிமன், ஈரமான ஊசியை இன்னும் சீக்கிரம் எடுத்திருக்க வேண்டும். சேறு இரண்டு முழங்காலுக்கும் கீழே. முகத்தில் மேட் வார்னிஷ் ஒரே ஒரு மெல்லிய கோட், மழை பெய்யாத நாளாகப் பார்த்து அடித்தேன்.

அடித்தட்டு மரம் இல்லை, அக்ரிலிக் தகடு. கண்ணாடி மூடியின் அடியில் காற்றுப் போக ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கிறேன். ஐயா, அது போதுமா?

ஈயச்சிப்பாய்

போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணுக்காலைப் பாருங்கள். வலது பாதத்தையும்.

மீண்டும்தூரிகை

சரி ஐயா, குறித்துக்கொண்டேன். ஓரமேசை நண்பருக்கு ஒரு தகவல்: ஏழு மஸ்கட்டை வளைத்துப் பார்த்தேன், இரண்டு ஒடிந்தன, ஐந்து நன்றாக வளைகின்றன. மீதிப் பேரைச் சோப்பு நீரில் போட்டிருக்கிறேன். வெள்ளைப் பசையை எவ்வளவு நீர்க்க வேண்டும்? ஒன்றுக்கு ஒன்றா?

ஓரமேசை

ஒன்றுக்கு ஒன்று சரி. பள்ளத்தில் தேங்கினால் உலர்ந்த தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் முகம் மழுங்கிவிடும்.